பேப்பர் கிடைக்கேல்லையா, ரெஃபரன்ஸ் குழம்பிட்டுதா: எந்த அறிகுறிக்கு எங்க இருந்து பாக்கிறது

திருகோணமலை உவர்மலைல எங்கட வீட்டு விறாந்தைக்கு பின்னேரம் ஆனா லாப்டொப்போட பிள்ளையள் வருவாங்க. கூடுதலா ஃபைனல் இயர் புரொஜெக்ட் செய்யிற இன்ஜினியரிங் பிள்ளையள், லீவுக்கு மொரட்டுவை பேராதனைல இருந்து வீட்ட வந்தவங்க, வேலையும் செய்துகொண்டு ஓப்பின் யூனிவர்சிட்டில படிக்கிறவங்க. நான் லைப்ரேரியன் இல்லை, சிவில் இன்ஜினியர், ஆனா மாஸ்டர்ஸ் செய்யேக்க ஆய்வுப் பேப்பர் தேடுறது, ரெஃபரன்ஸ் லிஸ்ட் ஒழுங்காக்கிறது எண்ட இதே பிரச்சினையளோட மாசக்கணக்கா மல்லுக்கட்டினதால எது எங்க உடையும் எண்டு தெரியும். ஆளும் டொப்பிக்கும் மாறும், பிழை மட்டும் அதே ஏழெட்டுப் பிழைதான் திரும்பத் திரும்ப வரும்.

அதால அறிகுறி வாரியா எழுதுறன், உங்களுக்கு என்ன நடக்குதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்டிலயும் அஞ்சு நிமிசத்தில காசில்லாம முடியிற செக் முதல், நேரமும் காசும் போறது கடைசி. உதாரணத்துக்கு எல்லா இடத்திலயும் ஒரே விசயத்தை வைச்சுக்கொள்றன், கடல்காத்துப் பட்டு கொங்கிறீட்டுக்க இருக்கிற கம்பி துருப்பிடிக்கிறது. மனையாவெளிப் பக்கம் பீம் வெடிச்சு கம்பி வெளில தெரியிற வீடுகளைப் பாத்து வளந்த பிள்ளையள் எங்கட ஊர்ல கனபேர், அதால இந்த டொப்பிக்கோட வருசத்துக்கு ஒராளாவது வருவாங்க.

அறிகுறி 1: தேடினா ஒண்டுமே வருதில்லை, இல்லாட்டி நாலஞ்சுதான் வருது

முதல்ல நீங்க தேடுற பெட்டிக்குள்ள என்ன டைப் பண்ணியிருக்கிறீங்க எண்டு பாருங்க. பத்துக்கு ஏழு பேர் புரொஜெக்ட் தலைப்பை அப்பிடியே, திருகோணமலைக் கரையோரக் கட்டடங்களில கம்பி துருப்பிடிக்கிறதுக்கான காரணங்களும் தீர்வுகளும் எண்டு முழு இங்கிலிஷ் வசனமாத்தான் போட்டிருப்பாங்க. டேட்டாபேஸ், அதாவது ஆய்வுப் பேப்பர்களைத் தேடுற தளம், அந்த ஒவ்வொரு சொல்லும் இருக்கிற பேப்பரைத் தேடும், அப்பிடி ஒண்டு இராது. ரெண்டு மூண்டு கருத்துச் சொல்லுக்கு குறையுங்க: குளோரைட், கொரோஷன், கொங்கிறீட். அவ்வளவும் காணும்.

ஊர்ப் பேரை எடுத்துவிடுங்க. இது நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுறது, அவங்களுக்கு மனம் வராது, எங்கட ஊரைப் பத்தித்தானே செய்யிறன் எண்டு நிப்பாங்க. ஆனா உப்பு கொங்கிறீட்டுக்க போறதுக்கு ஊர் தெரியாது, வெக்கையும் ஈரமும் உப்பும்தான் தெரியும், அதால ஊர்ப் பேருக்குப் பதிலா ட்ரொப்பிக்கல் மரீன் என்வயர்மென்ட் எண்டு போட்டுப் பாத்தா சிங்கப்பூர், தாய்லாந்து, கேரளா, பிரேசில் எண்டு எங்கட காலநிலைக்கு கிட்டின இடங்களில செய்த வேலையள் வரும். உங்கட புரொஜெக்டுக்கு ஒப்பிட்டுப் பாக்கத் தேவையானது அதுதான்.

அப்பவும் வரேல்லையா, எழுத்துக்கூட்டலைப் பாருங்க. நாங்க பிரிட்டிஷ் முறையில படிச்சம், பாதி உலகம் அமெரிக்கன் முறையில எழுதுது. சல்ஃபேட்டை பி எச் போட்டும் எழுதுவாங்க, எஃப் போட்டும் எழுதுவாங்க. ஃபைபர், அலுமினியம், மோல்டிங், மொடலிங் எல்லாத்திலயும் இதே கதை. சில டேட்டாபேஸ் தானா ரெண்டையும் சேத்துத் தேடும், சிலது தேடாது, அதால ரெண்டுக்கும் நடுவில அல்லது எண்ட அர்த்தத்தில வாற ஓர் எண்ட இங்கிலிஷ் சொல்லைப் போட்டு எழுதிவிடுங்க, அந்த ஓர் கேப்பிட்டல் எழுத்தில இருக்கோணும்.

அடுத்தது ஒரே பொருளுக்கு வேற பேர். இதிலதான் நேரம் செலவழிக்கலாம், பலன் இருக்கு. நாங்க சைட்ல கம்பி எண்டுறம், ஒரு பேப்பர்ல ரீபார், இன்னொண்டில ரீஇன்ஃபோர்சிங் ஸ்டீல், மற்றதில ஸ்டீல் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். உப்பு உள்ள போறதை ஒருத்தர் இன்க்ரஸ் எண்டுவார், ஒருத்தர் பெனிட்ரேஷன், ஒருத்தர் டிஃப்யூஷன், ஒருத்தர் ட்ரான்ஸ்போர்ட். ஃபிளை ஆஷை பழைய பிரிட்டிஷ் பேப்பர்ல பல்வரைஸ்ட் ஃபியூவல் ஆஷ் எண்டு எழுதியிருக்கும், மூண்டெழுத்தில பிஎஃப்ஏ எண்டும் வரும். இந்தச் சொல்லுகளை யோசிச்சுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, பொருத்தமான ஒரே ஒரு பேப்பர் கிடைச்சாலும் அதின்ட கீவேர்ட்ஸ் வரியையும் ரெஃபரன்ஸ் லிஸ்டில இருக்கிற தலைப்புகளையும் பாத்து ஒரு கொப்பில ரெண்டு நிரலா, ஒரு கருத்துக்கு ஒரு நிரல் எண்டு, எழுதி வையுங்க. ஒரு நிரல்ல இருக்கிறதுகளுக்கு நடுவில ஓர், நிரலுக்கும் நிரலுக்கும் நடுவில அன்ட், ஒவ்வொரு நிரலையும் அடைப்புக்குறிக்குள்ள போடோணும்.

இதைச் செய்ததுக்குப் பிறகு ரிசல்ட் திடீரெண்டு பூச்சியம் எண்டு வந்தா, அது பெரும்பாலும் குறியீட்டுப் பிரச்சினை. எல்சவியர் வெளியீட்டாளரின்ட சயன்ஸ் டிரெக்ட் தளத்தில, ஒரு சொல்லில தொடங்கிறது எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி அதின்ட கடைசில நட்சத்திரக் குறி போட்டுத் தேட ஏலாது, அதோட ஒரு பெட்டிக்க அன்ட், ஓர் எல்லாம் சேத்து 8 தான் விடும், நீண்ட வரி போட்டா ரெண்டாப் பிரிச்சுத் தேடுங்க. கூகுள் ஸ்காலரும் நட்சத்திரத்தை அப்பிடி எடுக்காது, அங்க தேடுற வரி 256 எழுத்துக்கு மேல போனா வெட்டுப்படும். ஸ்கோப்பஸ், ஐ ட்ரிபிள் ஈ எக்ஸ்ப்ளோர் எண்ட டேட்டாபேஸ் ரெண்டும் நட்சத்திரம் எடுக்கும். இன்னொண்டு, வேர்ட்ல எழுதி கொப்பி பண்ணிப் போட்டா மேற்கோள் குறி வளைஞ்ச குறியா மாறி வரும், சில இடங்களில அது வேலை செய்யாது, பெட்டிக்குள்ளயே அழிச்சுத் திருப்பி அடியுங்க.

இவ்வளவும் சரியெண்டா நீங்க நிக்கிற கடை பிழை. ஐ ட்ரிபிள் ஈ எக்ஸ்ப்ளோர்ல கொங்கிறீட் தேடிக்கொண்டு நிண்ட பிள்ளையள் கனபேர், அது கரண்ட், இலெக்ட்ரோனிக்ஸ், கொம்பியூட்டர் ஆக்களுக்கான இடம். கொங்கிறீட்டுக்கு சயன்ஸ் டிரெக்ட், ஸ்பிரிங்கர், அமெரிக்கன் சிவில் இன்ஜினியர்மாரின்ட ஏஎஸ்சிஈ லைப்ரரி. றோட்டு, போக்குவரத்து எண்டா ட்ரிட் எண்டு ஒரு டேட்டாபேஸ் ஃப்ரீயா இருக்கு. அலை, கடலரிப்பு, துறைமுகம் எண்டு செய்யிற ஆக்கள் கோஸ்டல் இன்ஜினியரிங் புரொசீடிங்ஸை ஒருக்காவது திறந்து பாருங்க, அதுவும் ஃப்ரீ.

எங்கட நாட்டு வேலையள்தான் வேணுமெண்டா வெளிநாட்டு டேட்டாபேஸ்ல மட்டும் தேடிப்போட்டு இல்லையெண்டு சொல்லக்கூடாது. ஸ்ரீ லங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் எண்ட தளத்தில இன்ஜினியர்மாரின்ட நிறுவனம் வெளியிடுற இன்ஜினியர் சஞ்சிகை ஃப்ரீயா இருக்கு, மொரட்டுவைப் பல்கலைக்கழக டிஜிட்டல் களஞ்சியத்தில தீசிஸ்கள் இருக்கு, மொரட்டுவைல நடக்கிற மெர்கொன் மாநாட்டுப் பேப்பர்கள் ஐ ட்ரிபிள் ஈ எக்ஸ்ப்ளோர்லயே இருக்கு.

மூண்டு டேட்டாபேஸ், ரெண்டு நிரல் சொல்லு, எல்லாம் போட்டும் இல்லையெண்டா அதுக்கு மேல தனிய நிண்டு தேடாதீங்க, லைப்ரேரியனிட்டயோ சுப்பர்வைசரிட்டயோ போங்க. அந்த இடத்தில உண்மையாவே ஒருத்தரும் செய்யாம இருக்கலாம், அப்பிடியெண்டா அதுவே உங்கட லிட்டரேச்சர் ரிவியூல எழுத வேண்டிய ஒரு விசயம்.

அறிகுறி 2: ஆயிரக்கணக்கில வருது, ஒண்டும் பொருந்துதில்லை

இது லேசானது. முழு எழுத்திலயும் தேடாம தலைப்பு, அப்ஸ்ட்ராக்ட் எண்ட சுருக்கம், கீவேர்ட்ஸில மட்டும் தேடச் சொல்லி மாத்துங்க, பாதிக்கு மேல குறையும். ரெண்டு சொல்லு சேந்து வரவேண்டியதை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ரிவியூ ஆர்ட்டிக்கிள், அதாவது மற்றவங்கட வேலையளைத் தொகுத்து எழுதின பேப்பர், எண்டு ஃபில்டர் இருந்தா அதைத் தட்டி அண்மைல வந்த ஒண்டு ரெண்டை முதல் வாசியுங்க.

அதுக்குப் பிறகு சொல்லுத் தேடுறதை விட்டுட்டு பேப்பரைப் பிடிச்சுப் போறதுதான் நல்லது. நல்ல பேப்பர் ஒண்டு கிடைச்சா கூகுள் ஸ்காலர்ல அதுக்குக் கீழ சைட்டட் பை எண்டு இருக்கும், அதைத் தட்டி, மேல வாற சின்னப் பெட்டில டிக் போட்டு, இந்தப் பேப்பரை மேற்கோள் காட்டினதுகளுக்குள்ள மட்டும் தேடச் சொல்லுங்க. பின்னுக்குப் போறதுக்கு அதின்ட ரெஃபரன்ஸ் லிஸ்ட், முன்னுக்கு வாறதுக்கு இது. ஸ்காலர் எவ்வளவு ஆயிரம் எண்டு காட்டினாலும் 1000 ரிசல்ட்டுக்கு மேல உங்களைப் பாக்க விடாது, அதால பக்கம் பக்கமாத் தட்டிக்கொண்டு போறதில பலன் இல்லை.

அறிகுறி 3: பேப்பர் இருக்கு, திறந்தா காசு கேக்குது

கனபேர் இதோட கைவிட்டிடுறாங்க. அப்ஸ்ட்ராக்டை மட்டும் வாசிச்சிட்டு ரெஃபரன்ஸ்ல போடுறதும் இதாலதான் வருது, அதைச் செய்யாதீங்க, வைவா எண்ட வாய்மொழிப் பரீட்சைல அந்தப் பேப்பர்ல எத்தினை சாம்பிள் எடுத்தவங்க எண்டு கேட்டா உங்களிட்ட மறுமொழி இராது.

*கெம்பஸுக்குள்ள இருந்துகொண்டுதான் காசு கேக்குது எண்டா:* ஃபோன் ஹொட்ஸ்பொட்ல நிக்கிறீங்களா, கெம்பஸ் வைஃபைல நிக்கிறீங்களா எண்டு முதல் பாருங்க. சந்தா இருக்கிற இடம் எண்டதை டேட்டாபேஸ் கண்டுபிடிக்கிறது நீங்க வாற ஐபி இலக்கத்தை வைச்சு, ஃபோன் டேட்டால வந்தா அதுக்கு உங்களைத் தெரியாது. பிரவுசர்ல விபிஎன் எக்ஸ்டென்ஷன் ஏதும் போட்டிருந்தா நிப்பாட்டுங்க, அதுவும் இலக்கத்தை மாத்திப்போடும். பிறகு இன்கொக்னிடோ விண்டோல ஒருக்கா திறந்து பாருங்க. மூண்டும் சரியெண்டா உங்கட கெம்பஸ் அந்தச் சஞ்சிகைக்கு சந்தா கட்டேல்லை, இல்லாட்டி கட்டின வருசங்களுக்கு வெளில அந்தப் பேப்பர் இருக்கு, கீழ சொல்லுற வழியளுக்குப் போங்க.

*வீட்டில இருந்துகொண்டு காசு கேக்குது எண்டா:* அதே பேஜ்ல உங்கட நிறுவனம் மூலமா லொகின் பண்ணுற ஒரு லிங்க் இருக்கும், கெம்பஸ் பேரை அடிச்சுத் தேடுங்க. பேர் இல்லையெண்டா லைப்ரரி தாற ரிமோட் எக்செஸ் அல்லது விபிஎன் இருக்குதா எண்டு கேளுங்க. கெம்பஸ்களை இணைக்கிற லேர்ன் நெட்வொர்க்கால வாற எடுரோம் வைஃபை உங்கட எக்கவுண்டில வேலை செய்யும் எண்டா, லீவுக்கு ஊருக்கு வந்த நேரம் எடுரோம் இருக்கிற கிட்டின கெம்பஸுக்குப் போயும் இணையலாம், ஆனா அங்க திறக்கிறது அந்த இடத்தின்ட சந்தாவாத்தான் இருக்கும். பாஸ்வேர்ட் பிழை எண்டு மூண்டு தரத்துக்கு மேல வந்தா திருப்பித் திருப்பி அடிக்காதீங்க, லொக் ஆயிடும், ஐடி யூனிட்டுக்கு எழுதுங்க.

*சந்தாவே இல்லை எண்டா:* முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள்ள போட்டு ஸ்காலர்ல தேடி, கீழ இருக்கிற ஓல் வேர்ஷன்ஸைத் தட்டுங்க. ஆசிரியர் தன்ட பல்கலைக்கழகக் களஞ்சியத்தில போட்ட பிரதி அதுக்குள்ள இருக்கிறது நான் கண்ட அளவில அடிக்கடி நடக்கிற விசயம். அன்பேவால் எண்ட எக்ஸ்டென்ஷனைப் பிரவுசர்ல போட்டுவிட்டா சட்டப்படி ஃப்ரீயா இருக்கிற பிரதி எங்கயும் இருந்தா வலப்பக்கம் பச்சைப் பூட்டு காட்டும். ஃப்ரீ பேப்பர்களைச் சேத்து வைச்சிருக்கிற கோர் எண்ட தளத்திலயும் ஒருக்கா பாருங்க. எலெக்ட்ரிக்கல், கொம்பியூட்டர் பிள்ளையளுக்கு ஆர்க்கைவ் எண்ட தளம், 1991ல இருந்து இருக்கிறது, அங்க ப்ரீபிரிண்ட், அதாவது சஞ்சிகையில வெளியாக முதல் ஆசிரியர் போட்ட பிரதி, கிடைக்கலாம். ஒரு கவனம், ப்ரீபிரிண்டை வாசிச்சுப்போட்டு வெளியான பேப்பரை சைட் பண்ணுறதெண்டா ரெண்டிலயும் இலக்கங்கள் ஒண்டுதானா எண்டு பாருங்க, வெளியிட முதல் மற்ற ஆய்வாளர்கள் பாக்கிற ரிவியூவில மாறியிருக்கலாம்.

இல்லையெண்டா ஆசிரியருக்கு ஈமெயில் போடுங்க. பிள்ளையள் இதுக்குத்தான் கூச்சப்படுறாங்க, பெரிய புரொஃபெசர் எனக்கு மறுமொழி போடுவாரா எண்டு. போடுவாங்க. தன்ட வேலையை ஒருத்தர் வாசிக்கக் கேக்கிறதை விட அவங்களுக்கு என்ன சந்தோசம் இருக்கு. நாலு வரி போதும்: நீங்க யார், எங்க படிக்கிறீங்க, எந்தப் பேப்பர், எதுக்கு வேணும். கரஸ்பொண்டிங் ஓதர், அதாவது தொடர்புக்குரிய ஆசிரியரின்ட விலாசம் அப்ஸ்ட்ராக்ட் பேஜ்லயே இருக்கும். ஒரு கிழமை பாத்திட்டு ரெண்டாவது ஆசிரியருக்குப் போடுங்க.

அதுக்கும் அங்கால எண்டா லைப்ரேரியன். வேற கெம்பஸ் லைப்ரரில இருந்து எடுப்பிச்சுத் தர ஏலுமா எண்டு கேளுங்க, வருமானம் குறைஞ்ச நாடுகளுக்குப் பேப்பர்களை ஃப்ரீயா அல்லது குறைஞ்ச விலைக்குத் தாற ரிசர்ச் ஃபோர் லைஃப் திட்டத்தில உங்கட நிறுவனம் பதிஞ்சிருக்கா எண்டும் கேளுங்க, அதில ஆர்டி எண்ட பகுதி தொழில்நுட்பத்துக்கானது. காசு குடுத்து வாங்கிறது எல்லாத்துக்கும் கடைசி. ஒரு பேப்பருக்கு பொதுவா 30 டொலருக்கு மேல போகும், ஒரு பிள்ளையின்ட ஒரு மாசச் சாப்பாட்டுக் காசில பெரிய துண்டு அது, சுப்பர்வைசரைக் கேக்காம அந்தக் காசைக் கட்டாதீங்க.

அறிகுறி 4: டவுன்லோட் ஆனது, திறக்குதில்லை

ஃபைல் சைஸைப் பாருங்க. சில கேபி மட்டும்தான் எண்டா வந்தது பிடிஎஃப் இல்லை, லொகின் பேஜ் பிடிஎஃப் எண்ட பேரில சேவ் ஆகியிருக்கு, திருப்பி லொகின் பண்ணி எடுங்க. சைஸ் பெருசு ஆனா பாதில நிக்குது எண்டா லைன் அறுந்திருக்கு, மார்கழி மழைக்க எங்கட பக்கம் இது சாதாரணம், விடியக்காலம எடுத்துப் பாருங்க. திறக்குது ஆனா எழுத்தைப் பிடிச்சு கொப்பி பண்ண ஏலாது எண்டா ஸ்கேன் பண்ணின பழைய பேப்பர், வாசிக்கலாம், ரெஃபரன்ஸ் சேத்து வைக்கிற சொஃப்ட்வெயரான ஸொட்டேரோ மட்டும் அதில இருந்து தானா விபரம் எடுக்காது, கையால போடோணும்.

அறிகுறி 5: ஸ்காலர் நீங்க ரோபோவா எண்டு கேட்டுக்கொண்டே இருக்குது

ஒரே ஐபில கனபேர் தேடுற இடத்தில, முக்கியமா கெம்பஸ் லாப்லயும் ஃபோன் டேட்டாலயும், இது வரும். படத்தைச் சரியாத் தட்டுங்க, விபிஎன்னை நிப்பாட்டுங்க, அப்பவும் விடாட்டி ஒரு மணித்தியாலம் விட்டிட்டு வேற இடத்தில தேடுங்க. சிமாண்டிக் ஸ்காலர், லென்ஸ் ரெண்டும் ஃப்ரீ.

அறிகுறி 6: டிஓஐ தட்டினா கிடைக்கேல்லை எண்டு வருது

டிஓஐ எண்டது ஒவ்வொரு பேப்பருக்கும் குடுக்கிற நிலையான அடையாள இலக்கம்: 10, ஒரு புள்ளி, பிறகு வெளியீட்டாளரின்ட இலக்கம், ஒரு சரிவுக்கோடு, பிறகு மிச்சம். கொப்பி பண்ணேக்க கடைசில வசனத்தின்ட முற்றுப்புள்ளியும் சேந்து வந்திருக்கும், அதை எடுத்துப் பாருங்க. பிடிஎஃப்ல ரெண்டு வரியா உடைஞ்ச டிஓஐயில நடுவில ஒரு இடைவெளியோ தேவையில்லாத ஹைபனோ நுழைஞ்சிருக்கும். கேப்பிட்டல், சிம்பிள் எழுத்து வித்தியாசம் பிரச்சினை இல்லை. நேற்று முந்தாநாள் வெளியான பேப்பர் எண்டா இன்னும் பதிஞ்சு முடிஞ்சிராது, ரெண்டு நாள் பொறுங்க.

அதெல்லாம் சரியெண்டா டிஓஐ பதியிற அமைப்பான கிராஸ்ரெஃபின்ட தேடல்ல தலைப்பைப் போட்டுப் பாருங்க. சரியான டிஓஐ அங்க வந்தா மாத்திட்டு வேலையைப் பாருங்க.

*கிராஸ்ரெஃப்லயும் இல்லை, ஸ்காலர்லயும் இல்லை எண்டா:* அந்த ரெஃபரன்ஸ் உங்களுக்கு எங்க இருந்து வந்தது எண்டு நேர்மையா யோசியுங்க. ஏஐ சாட்பொட்ல கேட்டு எடுத்ததெண்டா அப்பிடி ஒரு பேப்பர் உலகத்தில இல்லாமலே இருக்கலாம். அது சொல்லுறது நல்லா உண்மை மாதிரியே இருக்கும், ஆசிரியர் பேர் அந்தத் துறையில உண்மையா இருக்கிற ஆளின்ட பேர், சஞ்சிகை உண்மையான சஞ்சிகை, வருசம், வொலியூம், பக்கம் எல்லாம் இருக்கும், பேப்பர் மட்டும் இராது. இல்லாட்டி டிஓஐ திறக்கும், ஆனா வேற ஏதோ மீன்வளர்ப்புப் பேப்பர் வரும். போன வருசம் ஒரு தங்கச்சி கொண்டுவந்த லிஸ்டில 32 ரெஃபரன்ஸ், ரெண்டு பேரும் ஒவ்வொண்டாத் திறந்து பாத்தம், 11 இல்லவே இல்லை, அவ அழுதிட்டா, சப்மிட் பண்ண நாலு நாள். நல்ல காலம் முதலே பாத்தது.

அவசரமாப் பாக்க ஒரு வழி இருக்கு, வெளியீட்டாளர் இலக்கம். 10.1109 எண்டா ஐ ட்ரிபிள் ஈ, 10.1016 எண்டா எல்சவியர், 10.1061 எண்டா ஏஎஸ்சிஈ, 10.1007 எண்டா ஸ்பிரிங்கர். ஐ ட்ரிபிள் ஈ சஞ்சிகை எண்டு எழுதிப்போட்டு 10.1016 இருந்தா சந்தேகப்படுங்க. சஞ்சிகை கைமாறினா பழைய இலக்கம் அப்பிடியே இருக்கும், அதால இதை மட்டும் வைச்சுத் தீர்ப்புச் சொல்லாம சஞ்சிகையின்ட தளத்துக்குப் போய் அந்த வொலியூமைத் திறந்து அந்தப் பக்கத்தில என்ன இருக்குது எண்டு பாருங்க. அங்கயும் இல்லையெண்டா அந்த வரியையும் அதை நம்பி எழுதின வசனத்தையும் சேத்து வெட்டுங்க. வசனத்தை வைச்சுக்கொண்டு வேற பேப்பரை அந்த இடத்தில செருகிறது இன்னும் மோசம்.

அறிகுறி 7: ரெஃபரன்ஸ் லிஸ்ட் கோணல்மாணலா வருது

ஸொட்டேரோவோ அதே மாதிரி சொஃப்ட்வெயரான மெண்டலியோ உங்களுக்குப் பிழை விடுறதில்லை, உள்ள போன விபரம் பிழை. அதால வேர்ட்ல போய்க் கையால திருத்தாதீங்க, அடுத்த ரிஃப்ரெஷ்ல பழையபடி வந்திடும், மூலத்தில திருத்துங்க.

விபரம் எங்க இருந்து எடுத்தனீங்க? ஸ்காலர்ல சைட் எண்டு தட்டி எடுத்தா மாநாட்டுப் பேப்பருக்குப் பக்க இலக்கம் சில நேரம் விடுபடும், டிஓஐ வராது. வெளியீட்டாளரின்ட பேஜ்ல இருந்து ஆர்ஐஎஸ் அல்லது பிப்டெக் எண்ட ரெஃபரன்ஸ் ஃபைலை எடுங்க, அதைவிட லேசு ஸொட்டேரோவில மந்திரக்கோல் படம் இருக்கிற பட்டனைத் தட்டி டிஓஐயை ஒட்டிறது.

பேர் பிரச்சினை எங்கட ஆக்களுக்கு எண்டே இருக்கிறது. எங்கட வழக்கத்தில தகப்பன் பேர் முன்னுக்கு, சொந்தப் பேர் பின்னுக்கு, சிலர் வெளிநாட்டுக்கு ஏத்தமாதிரி மாத்தி எழுதுவாங்க, ஒரே ஆள் ஒரு பேப்பர்ல ஒரு மாதிரியும் மற்றதில வேற மாதிரியும் இருப்பார். சொஃப்ட்வெயர் கடைசிச் சொல்லைக் குடும்பப் பேர் எண்டுதான் எடுக்கும். உங்களுக்கு அந்த ஆளைத் தெரியும், இது அவரின்ட தகப்பன் பேர் எண்டும் தெரியும், எண்டாலும் நீங்களாத் திருத்தாதீங்க, வெளியான பேப்பர்ல எப்பிடி இருக்கோ அப்பிடியே போடுங்க, இல்லாட்டி வாசிக்கிறவர் தேடிக் கண்டுபிடிக்க ஏலாது. ஒராளின்ட எல்லா வேலையையும் தேடுறதெண்டா ரெண்டு மாதிரியும் அடிச்சுப் பாருங்க, ஆய்வாளருக்கு எண்டு இருக்கிற 16 இலக்க ஓர்கிட் அடையாள எண் இருந்தா அதாலயே தேடுங்க.

நிறுவனம் ஆசிரியரா இருந்தா கட்டாயம் உடையும். இலங்கை மின்சார சபையின்ட அறிக்கையை இங்கிலிஷ்ல போட்டா அது போர்ட் எண்ட குடும்பப் பேரும் சி. ஈ. எண்ட இனிஷியலும் உள்ள ஒரு ஆளா மாறிடும். ஸொட்டேரோவில ஆசிரியர் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சின்னப் பட்டன் இருக்கு, அதைத் தட்டினா ரெண்டு பெட்டி ஒண்டாகும், முழுப் பேரையும் அதில போடுங்க. பிப்டெக்ல எண்டா ரெட்டை வளைவு அடைப்புக்குள்ள. ஒற்றைப் பேர் மட்டும் உள்ள ஆக்களுக்கும் இதேதான்.

ஐ ட்ரிபிள் ஈ ஸ்டைல்ல தலைப்பின்ட முதல் சொல்லு மட்டும்தான் கேப்பிட்டல்ல தொடங்கோணும், ஸொட்டேரோவில தலைப்பில ரைட் கிளிக் பண்ணி சென்டென்ஸ் கேஸுக்கு மாத்துங்க, பிறகு ஊர்ப் பேர், வேதியியல் குறியீடு எல்லாம் சின்ன எழுத்தாகிட்டுதா எண்டு ஒருக்காப் பாருங்க. பக்க இலக்கம் இல்லாம ஆறு ஏழு இலக்கத்தில ஒரே எண் இருந்தா அது ஆர்ட்டிக்கிள் நம்பர், பக்கம் எண்டு போடாதீங்க.

ஸ்டாண்டர்ட்ஸ் சைட் பண்ணேக்க வருசத்தை விடாதீங்க. கொங்கிறீட் டிசைனுக்கான பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் பிஎஸ் 8110 எங்கட பக்கம் இன்னும் புழங்குது, ஆனா அது 2010ல மீளப்பெறப்பட்டு யூரோகோட் 2 வந்திட்டு, நீங்க எந்தப் பதிப்பைத் திறந்து வைச்சுக் கணக்குச் செய்தனீங்களோ அதைத்தான் வருசத்தோட போடோணும். குளோரைட் டெஸ்டுக்கு ஏஎஸ்டிஎம் சி1202 எண்டு கனபேர் எழுதுவாங்க, அதைத் திறந்தே பாத்திராம இன்னொரு பேப்பர்ல இருந்து எடுத்து. அதுக்குக் காசு. நோர்ட்டெஸ்டின்ட என்டி பில்ட் 492 ஃப்ரீயா எடுக்கலாம், அதையாவது முழுக்க வாசியுங்க, ஆனா ரெண்டும் வேற வேற டெஸ்ட், ஒண்டின்ட பேரை மற்றதுக்குப் போடக்கூடாது.

அறிகுறி 8: வேர்ட்ல நம்பர்கள் குழம்பிட்டு

நம்பர்ல ஒருக்காத் தட்டுங்க. சாம்பல் நிறமாத் தெரிஞ்சா அது இன்னும் உயிரோட இருக்கிற ஃபீல்ட், அதாவது ஸொட்டேரோவோட இணைஞ்சிருக்கிற நம்பர், ரிஃப்ரெஷ் பண்ணினா ஒழுங்குக்கு வரும். சாம்பல் வரேல்லை எண்டா வெறும் எழுத்து. கீபோர்ட்டில ஓல்ட்டையும் எஃப் 9ஐயும் சேத்து அடிச்சா முழு டொகியூமென்டிலயும் எது ஃபீல்ட் எது எழுத்து எண்டு தெரியும், திருப்பி அடிச்சா பழையபடி.

கொஞ்சம் மட்டும் செத்திருந்தா அந்த இடங்களில திருப்பி இன்சேர்ட் பண்ணுங்க. முழுக்கச் செத்திருந்தா, ஃபைலை வேற ஆப்ல, கூடுதலா ஃபோன்ல, திறந்து சேவ் பண்ணியிருப்பீங்க, இல்லாட்டி அன்லிங்க் சைட்டேஷன்ஸைத் தட்டியிருப்பீங்க. அன்லிங்க்குக்குத் திரும்பி வாற வழி இல்லை. பழைய பிரதியைத் தேடுங்க, ஈமெயில்ல சேருக்கு அனுப்பினது கிடக்கும், அதில இருந்து திருப்பித் தொடங்குறது கையால திருத்துறதை விடக் கெதி.

*வேர்ட்டுக்குப் பதிலா லேட்டெக்ல எழுதி, ரெஃபரன்ஸ் நம்பருக்குப் பதிலா கேள்விக்குறி வருதெண்டா:* பேப்பருக்குக் குடுத்த கீயில எழுத்துப் பிழை, பிறகு பிப் ஃபைலின்ட பேர், பிறகு லேட்டெக், பிப்டெக், லேட்டெக், லேட்டெக் எண்டு ஒழுங்கில ஓட்டாதது. கொமா கூடிப்போச்செண்டு எரர் வந்தா ஆசிரியர்களுக்கு நடுவில கொமா போட்டிருக்கிறீங்க, அன்ட் எண்ட சொல்லுத்தான் வரோணும்.

அறிகுறி 9: சுப்பர்வைசர் இந்தப் பேப்பரை லிஸ்டில இருந்து எடுத்துவிடு எண்டுறார், ஏனெண்டு விளங்கேல்லை

முதல்ல அந்தப் பேப்பரின்ட வெளியீட்டாளர் பேஜைத் திறந்து ரிட்ராக்டட், அதாவது மீளப்பெறப்பட்டது, எண்டு போட்டிருக்கா பாருங்க. டவுன்லோட் பண்ணி வைச்ச பழைய பிடிஎஃப்ல அது தெரியாது. ஸொட்டேரோ தானா சிவப்புப் பட்டியில காட்டும், அது பாவிக்கிற ரிட்ராக்ஷன் வொட்ச் தரவு 2023ல இருந்து கிராஸ்ரெஃபின்ட கையில ஃப்ரீயா இருக்கு.

அது இல்லையெண்டா சஞ்சிகை. ஸ்கோப்பஸின்ட சோர்ஸ் லிஸ்ட் லொகின் இல்லாமலே பாக்கலாம், அதில சஞ்சிகையின்ட பேரை இல்லை, ஐஎஸ்எஸ்என் இலக்கத்தைப் போட்டுத் தேடுங்க, நல்ல சஞ்சிகையின்ட பேரை அப்பிடியே திருடி நடத்துற தளங்கள் இருக்கு. எல்லாரும் ஃப்ரீயா வாசிக்கிற ஓப்பின் எக்செஸ் சஞ்சிகை எண்டா, அதுகளின்ட பட்டியலான டிஓஏஜேயில பாருங்க. ரெண்டிலயும் இல்லாதது எல்லாம் கூடாத சஞ்சிகை எண்டில்லை, எங்கட நாட்டு நல்ல சஞ்சிகையள் கனக்க அதுகளில இல்லை. பேப்பரை வாசிச்சுப் பாருங்க, எத்தினை சாம்பிள், எந்தக் கலவை, எத்தினை நாள் கியூரிங் எண்டு எழுதியிருக்கா, வரைபடத்துக்கும் அட்டவணைக்கும் இலக்கம் ஒத்துவருதா. அதுக்கு மேல உங்களால முடிவெடுக்க ஏலாட்டி அவரிட்டயே நேரா கேளுங்க.

லைப்ரேரியனிட்டப் போகேக்க

வெறுங்கையோட போய் பேப்பர் கிடைக்குதில்லை மிஸ் எண்டா அவவுக்கும் எங்க தொடங்குறதெண்டு தெரியாது. நீங்க தேடின வரியை அப்பிடியே, எந்த டேட்டாபேஸ், எந்தத் திகதி, எத்தினை ரிசல்ட் எண்டு ஒரு தாள்ல எழுதிக்கொண்டு போங்க. எரர் வந்ததெண்டா மேல விலாசப் பட்டையும் தெரியிற மாதிரி முழு ஸ்கிரீன் படம். எந்த வைஃபைல நிண்டனீங்க எண்டும் எழுதுங்க. வேண்டிய பேப்பரின்ட டிஓஐ, அது இல்லாட்டி முழுத் தலைப்பும் வருசமும். ஸொட்டேரோ பிழை எண்டா லாப்டொப்பையும் வேர்ட் ஃபைலின்ட ஒரு பிரதியையும் கொண்டுபோங்க, மூலத்தை வீட்டில வைச்சிட்டு.